இடியப்பத் தளம்

“மாமா, இது இடியப்பம்.”

என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு மருமகன் சொன்னான். இரவுச் சாப்பாட்டைச் சொல்லவில்லை. மூன்று சனிக்கிழமைகளாக நான் கணினித் திரையில் கட்டி எழுப்பியிருந்த தொழிற்சாலையைச் சொன்னான். இரும்புத் தகடு கொண்டுபோகும் பெல்ட், செப்புத் தகட்டுப் பெல்டைச் சுற்றிக்கொண்டு போய், நிலத்துக்கடியில் நுழைந்து, நிலக்கரிப் பெல்டுக்கு அப்பால் தலை நீட்டி, வந்த வழியே பாதித் தூரம் திரும்பி, அதற்குப் பிறகுதான் சேரவேண்டிய இயந்திரத்தைச் சேர்ந்தது. இப்படியான கட்டுமானத்துக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஸ்பகெட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். வெள்ளவத்தைக்கு வந்ததும் அது இடியப்பமாகிவிட்டது.

அவன் என் தங்கையின் மகன். வயது பதினாறு. பேச்சில் அவன் அப்பாவின் பருத்தித்துறை அப்படியே இருக்கிறது, அவனோ பருத்தித்துறையில் மொத்தமாக ஒரு மாதம்கூட இருந்ததில்லை. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் அவர்களுடைய வீடு. கரையோர ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் கொட்டாஞ்சேனைக்காரன். சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வந்து, தங்கை போடும் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு இந்த நாற்காலியில் உட்காருவேன்.

“பெரிசாக்கணும்னு நீதானேடா சொன்னே?”

“பெரிசாக்கத்தான் வேணும். ஆனா இதுக்கு மேல இல்லை மாமா. இதுக்குப் பக்கத்தில.”

அந்தப் ‘பக்கத்தில’ விளங்க எனக்கு இன்னும் பல சனிக்கிழமைகள் பிடித்தன.

*

ஆட்டத்தின் பெயர் ஃபக்டோரியோ. செக் நாட்டின் பிராக் நகரத்தில் ஒரு சிறு குழு தொடங்கியது. 2013இல் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 2016இல், வேலை முடியாத நிலையிலேயே ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு விட்டார்கள். 2020 ஆகஸ்டில்தான் 1.0 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் கை ஓயவில்லை, 2024 ஒக்டோபரில் விண்வெளிக்குப் போகும் விரிவு ஒன்று வந்தது. ஒரு தொழிற்சாலையை விரித்துக்கொண்டே போகும் ஆட்டத்தை அதே முறையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

கதை ஒரு வரிதான். விண்கலம் உடைந்து அந்நியக் கிரகம் ஒன்றில் ஒருவன் விழுகிறான். அவனிடம் ஒரு சிறு துளைப்பொறி, ஒரு கல் உலை, கொஞ்சம் இரும்புத் தகடு. நிலத்தில் இரும்பு, செம்பு, நிலக்கரி, கல். இவற்றிலிருந்து தொடங்கி ஒருநாள் ரொக்கெட் ஏவவேண்டும். முதலில் கையால் தோண்டுகிறான். பிறகு தோண்ட ஓர் இயந்திரம் செய்கிறான். பிறகு இயந்திரம் செய்ய ஓர் இயந்திரம் செய்கிறான். இரண்டு மணி நேரத்தில் திரை முழுக்க ஓடுகிறது. ஓடுகிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒன்று நின்றுபோகிறது. தொடக்கக்காரனுக்கு எல்லா அறிவுரையும் அந்த நிற்கும் இடத்தில்தான் பிறக்கிறது.

நான் செய்த முதல் பிழை எல்லோரும் செய்வது. பச்சை மின்சுற்றுப் பலகை போதவில்லை. உடனே பலகை செய்யும் இயந்திரங்களை இரண்டிலிருந்து ஆறாக்கினேன். பலகை ஒன்றுகூட அதிகமாக வரவில்லை. ஒரு பலகைக்கு ஓர் இரும்புத் தகடும் மூன்று செப்புக் கம்பியும் வேண்டும். கம்பி செய்யும் இயந்திரம் ஒரு தகட்டை இரண்டு கம்பியாக்கும். இரண்டுக்கும் நேரம் ஒன்றே, அரை வினாடி. கணக்குப் போட்டால், இரண்டு பலகை இயந்திரத்துக்கு மூன்று கம்பி இயந்திரம் ஈடுகொடுக்கவேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு கம்பி இயந்திரம். ஆறு பேரைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு ஓர் அகப்பையோடு நின்றிருக்கிறேன்.

“பின்னால நடவுங்கோ மாமா” என்றான். திரையில் என் ஆளை பெல்ட் வந்த வழியே பின்னோக்கி நடத்தச் சொன்னான். பெல்ட் நிறைந்து, பொருள் அசையாமல் நின்றால், குறை அதற்கு முன்னால் இருக்கிறது. பெல்ட் வெறுமையாக ஓடினால் குறை பின்னால் இருக்கிறது. நிறைவு முடிந்து வெறுமை தொடங்கும் அந்த ஓர் இயந்திரத்தைக் கண்டுபிடிக்கும்வரை எதையும் கட்டாதே. அவன் சொன்னது இவ்வளவுதான்.

நான் நடந்தேன். கம்பி இயந்திரத்தைக் கடந்தேன், செப்பு உலைகளைக் கடந்தேன், சுரங்கத்துக்கே போய்விட்டேன். கம்பி இயந்திரத்தை மூன்றாக்கினாலும் அவற்றுக்குத் தகடு இல்லை. சாதாரண மஞ்சள் பெல்ட் வினாடிக்கு 15 பொருளைச் சுமக்கும். ஒரு கல் உலை ஒரு தகட்டை உருக்க 3.2 வினாடி எடுக்கும். ஆகவே ஒரு பெல்டை நிறைக்க 48 உலை வேண்டும், பக்கத்துக்கு 24. அந்த உலைகளுக்குத் தாது கொடுக்க மின்துளைப்பொறி 30 வேண்டும். என் பெல்டில் இருந்தவை 9 உலைகள். பெல்ட் நீளமாக இருந்ததால் அது நிறைந்திருப்பதாக நானாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கொழும்பில் ஆடிவேல் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் போகும் நாளில், முன்னால் நாதஸ்வரம் எவ்வளவு விரைந்தாலும், பின்னால் சனம் எவ்வளவு நெருக்கினாலும், ஊர்வலத்தின் வேகம் தேரின் வேகம்தான். அர்ச்சனைக்குத் தேர் நின்றால் காலி வீதியும் நிற்கும். தவில்காரரைக் கூட்டினால் தேர் வேகமாகப் போகாது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்த விஷயம் இது. ஒரு விளையாட்டில் தோற்றபோதுதான் பாடமாயிற்று.

*

அடுத்தது கரண்ட்.

துளைப்பொறி 30 வைத்தேன். ஒன்றுக்கு 90 கிலோவாட். முப்பதுக்கும் 2.7 மெகாவாட். ஆட்டத்தில் ஒரு நீராவி எஞ்சின் 900 கிலோவாட் தரும். அதாவது புதிய துளைப்பொறிகளுக்கு மட்டுமே மூன்று எஞ்சின் வேண்டும். நான் ஒன்றும் கூட்டவில்லை. ஏற்கெனவே ஓடியவை ஓடிக்கொண்டிருக்கின்றன, இவையும் ஓடும் என்று நினைத்தேன்.

நடந்தது இது. சுமை கூடியதும் எல்லா இயந்திரங்களும் கொஞ்சம் மெதுவாகின. கொதிகலனுக்கு நிலக்கரி தூக்கிப் போடும் இயந்திரக் கையும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, அதுவும் மெதுவாகியது. நிலக்கரி தோண்டும் பொறியும் மெதுவாகியது. நிலக்கரி குறைந்ததும் நீராவி குறைந்தது, நீராவி குறைந்ததும் கரண்ட் குறைந்தது, கரண்ட் குறைந்ததும் கை இன்னும் மெதுவாகியது. பத்து நிமிடத்தில் கை ஒரு நிலக்கரிக் கட்டியைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே கொதிகலன் பசித்துக் கிடக்க, மேலே கையில் சோறு. இந்தச் சுழலுக்கு ஆட்டக்காரர்கள் மரணச் சுழல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மீள ஒரே வழி, நானே ஓடிப்போய்க் கொதிகலன்களுக்குக் கையால் நிலக்கரி போடவேண்டும். இனி வராதிருக்க வழி, கொதிகலனுக்கு ஊட்டும் கைகளை மட்டும் மின்சாரத்தில் விடாமல், தானே நிலக்கரி தின்று ஓடும் பழைய ரகக் கைகளாக வைப்பது. அந்த ரகம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கிடைப்பது, மெதுவானது, புதியது வந்தவுடன் நாம் கழற்றி எறிவது. உயிர்நாடியில் பழையதை வை என்று இந்த ஆட்டம் எனக்கு முதன்முதலாகச் சொன்ன இடம் அது.

இலங்கையில் இருப்பவனுக்கு இது விளையாட்டாகப் படாது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம்வரை போனது. டொலர் இல்லை, எண்ணெய் வாங்க முடியவில்லை, மின்நிலையங்களுக்கு எரிபொருள் இல்லை. கரண்ட் இல்லாத வீடுகளும் கடைகளும் ஜெனரேட்டருக்கு டீசல் தேட, டீசல் வரிசை நீண்டது. குறையே குறையைப் பெருக்கும் அதே சுழல். அந்த மாதங்களில் மருமகன் ஓ.எல். வகுப்புக்கும் வராத சின்னப் பெடியன், மெழுகுதிரியில் கணக்குச் செய்துகொண்டிருந்தான். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் அளவு 900 மெகாவாட், தலா 300இல் மூன்று பகுதிகள். ஆட்டத்துக் கணக்கில் அது ஆயிரம் நீராவி எஞ்சின், ஐந்நூறு கொதிகலன். ஒரு நாட்டின் முதுகெலும்பு ஒரு பெடியனின் திரைக்குள் அடங்கிவிடும் எண்ணாக இருப்பது எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்தது. குரங்குக்குப் பின்னால் இருந்த கணக்கு சிரிப்புக்குரியதல்ல. ஞாயிற்றுக்கிழமை தேவை குறைவு. நல்ல வெயில், கூரைச் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் தாராளமாக வந்தது. ஆகவே பெரிய சுழலிகள் குறைவாகவே ஓடின. எங்காவது இடி விழுந்தால் தாங்கிக்கொள்வது அந்தக் கனமான சுழலிகளின் சுழல்வேகம்தான். அது குறைந்திருந்த நேரத்தில் தட்டு விழுந்தது. நுரைச்சோலையின் மூன்று பகுதிகளும் நின்றன. அவை உடனே மீண்டும் ஓடாததால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. புதியதைக் கூட்டினார்கள், நல்லது. புதியதைத் தாங்கும் பழைய கனத்தைப் பற்றி யோசிப்பது பின்தங்கிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், யாராவது ஏதாவது ஒன்றைத் தட்டி விழுத்தினால், “குரங்கு” என்பதுதான் சொல்.

*

“மெயின் பஸ் போடுங்கோ மாமா” என்றான் அடுத்த வாரம். நான் வந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறானென்று நினைத்தேன்.

மெயின் பஸ் என்பது தொழிற்சாலைக்கு நடுவே போடும் பெருஞ்சாலை. இரும்புப் பெல்ட் நான்கு, பக்கத்தில் இரண்டு கட்டம் வெற்றிடம், செப்புப் பெல்ட் நான்கு, மறுபடி வெற்றிடம். எல்லாம் ஒரே திசையில் நேராக ஓடும். இயந்திரங்கள் ஒரு பக்கத்தில் மட்டும். தேவையானதைக் கிளை பிரித்து எடுத்துக்கொள்ளலாம். நான்கு நான்காக வைப்பதற்கும் காரணம் உண்டு. சாதாரண நிலத்தடிப் பெல்ட் இடையில் நான்கு கட்டத்தைத்தான் தாண்டும். ஐந்தாவதைச் சேர்த்தால் குறுக்கே கடக்க வழி இல்லை.

அவன் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்தது வெள்ளவத்தைதான். கரையோடு கரையாகக் காலி வீதி. அதற்கு இணையாக மரைன் டிரைவ், ரயில்பாதை, கடல். காலி வீதியிலிருந்து கிளை கிளையாக இராமகிருஷ்ண வீதி போல ஒழுங்கைகள் நேராகக் கடலுக்கு இறங்குகின்றன. தொலைந்துபோவது கஷ்டம். எந்த ஒழுங்கையிலும் ஒரு முனையில் ஹோர்ன் சத்தம், மறு முனையில் அலைச் சத்தம்.

கொட்டாஞ்சேனை அப்படியல்ல. துறைமுகம் ஒரு பக்கம் இழுத்தது, புனித லூசியாள் பேராலயம் ஒரு பக்கம், கோவில்கள் ஒரு பக்கம். ஜம்பட்டா வீதியில் நுழைந்து குறுக்கு வழியில் போனால் நீங்கள் நினைத்த இடத்துக்கு முந்தியோ பிந்தியோ வெளியே வருவீர்கள். எங்கள் வீட்டுக் குசினி ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரருடைய சைக்கிள் கொட்டில். தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்து, படிக்கட்டின் அடியால் வந்து, குளியலறையைச் சுற்றி, மறுபடி குசினிக்குள் வருகிறது. அப்பா அதை “ரெண்டு மாசத்துக்கு” என்று போட்டார். மூட்டு ஒன்றில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருக்கிறது. அப்பா போய்ப் பதினெட்டு வருஷம். கம்பி துருவேறிவிட்டது, தண்ணீர் கசியவில்லை.

ஆகவே இடியப்பத்தைப் பழிக்கும்போது எனக்கு முழு மனம் வராது. என் திரையில் அந்த இரும்புப் பெல்ட் ஏன் அப்படி வளைந்தது என்பதை என்னால் ஒவ்வொரு வளைவிலும் சொல்ல முடியும். இங்கே ஒரு மரம் நின்றது. இங்கே முதலில் ஒரு பெட்டி வைத்திருந்தேன். இந்தத் திருப்பம் முதல் தாக்குதல் நடந்த இரவில் அவசரமாகப் போட்டது. நேர்கோட்டில் கட்டியவனால் அப்படிக் கதை சொல்ல முடியாது, அவனுக்கு அது தேவையும் இல்லை. ஆனாலும் மருமகன் சொல்வது சரி. இடியப்பத்தின் நடுவில் இன்னொரு இழையைச் செருக முடியாது. முடியும்வரை செருகிவிட்டு, முடியாத அன்று முழுவதையும் பிய்க்க வேண்டிவரும். இடம் விட்டுக் கட்டு என்ற அறிவுரையின் பொருள், நாளைக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியாது என்பதை இன்றைக்கே ஒப்புக்கொள் என்பது. அந்த இரண்டு கட்ட வெற்றிடம் அந்த ஒப்புதல்தான்.

பிரச்சினை, ஆட்டத்தில் நிலத்துக்கு முடிவில்லை. கொழும்பில் நிலத்தை விற்பது பேர்ச் கணக்கில். வெள்ளவத்தையில் இரண்டு வீட்டுக்கு நடுவே வெற்றிடம் விடுகிறவன் ஒன்றில் கோவில் தர்மகர்த்தா, அல்லது வழக்கில் இருப்பவன்.

*

இன்னொன்றையும் பெரிதாக்குவதற்கு முன்னால் பார்க்கச் சொன்னான். வரைபடத்தைத் திறந்து மாசுப்படலத்தைக் காட்டினான். ஒவ்வோர் உலையும் ஒவ்வொரு துளைப்பொறியும் புகை விடுகிறது. அது திரையில் சிவப்பு மேகமாகப் பரவுகிறது. மரங்கள் கொஞ்சத்தை உறிஞ்சும். மிச்சம் அந்தக் கிரகத்தின் பூச்சிகளுடைய கூடுகளைப் போய்த் தொடும்போது, அவை கூட்டமாகக் கிளம்பி வந்து தொழிற்சாலையைக் கடிக்கின்றன. ஆகவே விரிப்பதற்கு முன்னால் மேகம் எங்கே போய் முட்டும் என்று பார்க்கவேண்டும், சுவரும் துப்பாக்கிக் கோபுரமும் முதலில் அங்கே வேண்டும்.

அந்த ஆட்டத்தில் வெளியிலிருந்து வந்து விழுந்தவன் நான். கூடுகள் ஏற்கெனவே அங்கே இருந்தவை. இதை அவனிடம் சொன்னபோது, “அதை யோசிச்சா விளையாடேலாது மாமா” என்றான். நியாயம். ஆனாலும் ஒரு விஷயத்தில் இந்த ஆட்டம் நம்முடைய நகரத்தைவிட நேர்மையானது. விரிவின் செலவு யாருடைய வாசலில் போய் விழுகிறது என்பதை வரைபடத்தில் சிவப்பாகக் காட்டுகிறது. எங்கள் சின்ன வயதில் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் புளூமெண்டால் குப்பைமேடு வளர்ந்துகொண்டே போனது. காற்று திரும்பும் நாளில் ஜன்னலைச் சாத்துவோம். கொழும்பு முழுக்க அள்ளிய குப்பை அது. 2009இல் நீதிமன்றம் அங்கே கொட்டுவதை நிறுத்தியது. குப்பை நிற்கவில்லை, மீதொட்டமுல்லவுக்குப் போனது. அது அங்கே உயர்ந்து உயர்ந்து, 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் வீடுகளின் மேல் சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மேகம் இடம் மாறியதைத் தீர்வு என்று நினைத்துக்கொண்ட ஊர் இது.

ஆட்டம் காட்டாத ஒன்றும் உண்டு. ஃபக்டோரியோவின் தொழிற்சாலையில் தொழிலாளி இல்லை. ஆயிரம் இயந்திரத்துக்கு நடுவே ஓடித்திரிவது நான் ஒருவன்தான். சம்பளம் இல்லை, சங்கம் இல்லை, யாரும் களைப்பதில்லை.

இந்த ஆட்டத்தை நாங்கள் விளையாடும் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு காலத்தில் உண்மையான தொழிற்சாலை இருந்தது. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது, இலங்கையின் ஆரம்பகாலப் பெரிய ஆலைகளில் ஒன்று. மலையாளத் தொழிலாளர் நிறையப் பேர் வேலை செய்தார்கள். 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் கொல்வின் ஆர். டி சில்வாவும் ஒருவர். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தலைவராக இருந்த ஏ.ஈ. குணசிங்க அந்த வேலைநிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார். வேலைநிறுத்தத்தை நடத்திய இளைஞர் கூட்டம்தான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியது. நாட்டின் இடதுசாரி வரலாற்றின் ஒரு முனை அந்த ஆலை வாசலில் கட்டியிருக்கிறது.

இப்போது அந்த நிலத்தில் ஹெவ்லொக் சிற்றி நிற்கிறது. உயர்ந்த மாடிக் கோபுரங்கள், கடைத்தொகுதி, குளிரூட்டிய நடைபாதை. தறி ஓடிய இடம் என்று சொன்னால் மருமகன் நம்பவில்லை. “உண்மையாவோ? ஒரு உலைகூட மிச்சம் வைக்கேல்லையோ?” என்று கேட்டான்.

*

நிரந்தரமென்று கட்டியது போய்விட்டது. தற்காலிகமென்று வந்தது இருக்கிறது. வெள்ளவத்தையின் கதையை எனக்கு இப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது.

1983 ஜூலையில் இந்த ஒழுங்கைகளில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. போனவர்கள் போனார்கள். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சனம் வந்துகொண்டே இருந்தது. யாரும் வெள்ளவத்தைக்கென்று வரவில்லை. விசா வரும்வரை. ஏஜென்சிக்காரன் கூப்பிடும்வரை. அண்ணன் கனடாவிலிருந்து காசு அனுப்பும்வரை. சண்டை நிற்கும்வரை. லொட்ஜ் அறையில் ஒரு சூட்கேசைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்கள். தங்கையின் கணவரும் அப்படித்தான் வந்தார், “மூண்டு மாசம்” என்று. அந்த மூன்று மாதம் இப்போது முப்பது வருஷத்தை நெருங்குகிறது. தற்காலிகமானவர்களுக்காகத் திறந்த சாப்பாட்டுக்கடை, தற்காலிகமானவர்களுக்காகத் திறந்த தொலைபேசிக் கடை, அவர்கள் பிள்ளைகளுக்காகத் திறந்த ரியூஷன் வகுப்பு. இவையெல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய வெள்ளவத்தை. ஆட்டக்காரர் பேச்சில் சொன்னால், மொத்தமாக ஒரு தொடக்கத் தளம். திட்டமிட்டு யாரும் கட்டவில்லை.

தற்காலிகம் என்ற சொல்லை அரசாங்கமும் பயன்படுத்தத் தெரிந்து வைத்திருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். தற்காலிகமாக இருப்பவன் எப்போது வேண்டுமானாலும் கழற்றப்படக்கூடியவன் என்ற எண்ணம் ஓர் இரவில் எத்தனை பஸ்ஸை நிறைக்கும் என்பதை ஊர் பார்த்தது.

இனி அந்தப் ‘பக்கத்தில’.

ஆட்டத்தில் பழகியவர்கள் தொடக்கக்காரனுக்குச் சொல்வதில் எனக்குப் பிடித்தது இதுதான்: பழைய தளத்தை இடிக்காதே. கோணலாக இருந்தால் இருக்கட்டும். அது ஓடிக்கொண்டிருக்கட்டும். வெற்றுநிலத்தில் தள்ளிப்போய்ப் புதியதைக் கட்டு. புதியதற்கு வேண்டிய பெல்டும் உலையும் இயந்திரக் கையும் பழையதுதான் செய்து தரவேண்டும். பழையதை முதலில் இடித்தால் கல்லையும் இரும்பையும் மறுபடி கையால் தோண்ட வேண்டியதுதான்.

இதைக் கேட்டதும் எனக்குக் கோவில்தான் நினைவு வந்தது. திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்வார்கள். மூலவருடைய சக்தியை ஒரு சிறு இடத்தில், மரத்தாலோ தகரத்தாலோ அமைத்த கொட்டகையில் எழுந்தருளச் செய்து, அங்கே அன்றாடப் பூசை நடக்கும். உள்ளே சிற்பிகள் கல் கொத்துவார்கள். வெளியே மணி அடிக்கும். கும்பாபிஷேகம் முடியும்வரை ஒரு நாள்கூடப் பூசை நிற்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோவிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பொன்னம்பல முதலியார் கட்டினார். அதே இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மகன் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்குக் கல் மட்டும்தான் தெரியும். அந்தக் கல்லுக்கு முதல், தகப்பன் கட்டியதில் ஐம்பது வருஷப் பூசை நடந்திருக்கிறது. பூசை நடக்காத இடத்தில் கல்லை அடுக்கி யாரும் கோவில் கட்டுவதில்லை.

மருமகன் என் இடியப்பத்திலிருந்து கிழக்கே இருநூறு கட்டம் தள்ளி நேர்கோடாக ஒரு தளம் கட்டத் தொடங்கினான். பக்கத்துக்கு 24 உலை. நான்கு நான்காகப் பெல்ட். பார்க்க வடிவாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அவன் ஆள் பழைய தளத்துக்கு ஓடிவருவான். கோணல் பெல்டின் முடிவில் நான் வைத்திருந்த பெட்டியைத் திறந்து இரும்புத் தகட்டை அள்ளிக்கொண்டு போவான். ஒன்றும் சொல்லமாட்டான். நானும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

*

ஒரு மாதத்தில் பழைய இரும்புப்படுகை தீர்ந்துவந்தது. துளைப்பொறியின் மேல் சுட்டியை வைத்தால் மிச்சத் தாது எவ்வளவு என்று எண் காட்டும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்த எண் இறங்கியது. பெல்டில் தாது இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு உலைகள் ஒன்றொன்றாக அணைந்தன. அந்த உலைகளில் கடைசியாக எரிந்தது முதலாவதாக வைத்தது, விண்கலத்திலிருந்து கையோடு கொண்டுவந்த உலை.

“இனியெண்டாலும் கழட்டுவம் மாமா. மேப்பில பார்க்க வடிவில்லை.”

“உன் இஷ்டம்.”

அவன் உலைகளைக் கழற்றினான். கோணல் பெல்டைச் சுருட்டினான். நடுவில் நின்ற ஒரு மரப் போஸ்டைப் பிடுங்கினான். நான் முதல் நாளில் வைத்த போஸ்ட், அந்த இடத்தில் ஏன் வைத்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

கிழக்கே இருநூறு கட்டம் தள்ளி, 48 உலைகளுக்குப் பக்கத்தில் இயந்திரக் கைகள் எல்லாம் நின்றன. ஆராய்ச்சிக்கூடங்கள் இருண்டன. திரை முழுக்க எச்சரிக்கைக் குறிகள் மினுங்கத் தொடங்கின. புதிய தளத்துக்குக் கொதிகலனிலிருந்து கரண்ட் அந்த ஒரு மரப் போஸ்டின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. கடல் பக்கம் ரயில் ஒன்று போனது, ஜன்னல் அதிர்ந்தது.

“குரங்கு நான்தான் மாமா” என்றான்.

நான் சுட்டியை வாங்கி, போஸ்டைப் பழைய குழியிலேயே நட்டேன்.